வாசலில் படுத்த வேட்டை

2009 கார்த்திகையில் மகாலிங்கம் தனக்கென்று ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்யக் கொடுத்த மறுநாள், அதன் குண்டில் சாகவேண்டிய மான் பாரிஸின் ரூ பஜோல் தெருவில் அவருடைய புடவைக்கடை வாசலில் வந்து படுத்துக்கொண்டது. கடையை நடத்தியவள் அவர் மனைவி சிவாஜினி. அவள் மானைச் சுற்றிக் கூட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். மகாலிங்கத்தின் வேலை கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பது. மேல்மாடியில் குடியிருந்த பத்திரம் எழுதும் வெள்ளைக்காரர், தன் காட்டுக்கு ஒருநாள் வேட்டைக்கு வரலாமே என்று படிக்கட்டில் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். அதை நம்பி வேட்டைப் பெர்மி என்ற அனுமதிப்பத்திரம் எடுத்த மகாலிங்கம், கடையில் விற்கும் துப்பாக்கி தன் தகுதிக்குக் காணாதென்று, சந்தெத்தியேன் நகரில் துப்பாக்கி செய்யும் மரி-லூயிஸிடம் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்றுக்குச் சொல்லிவைத்தார்.

"ஒரு வெடிதான். பிழை விடேலாது. யோசிச்சுத்தான் செய்யவேணும்" என்பார். எதிர்க்கடைக் கரிகாலன் தேத்தண்ணியோடு கேட்டுக்கொண்டிருப்பான். "ஓம் அண்ணை. ஊரிலை வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழை. இஞ்சை சண்டை முடிஞ்ச பிறகு கையிலை துவக்கு." மகாலிங்கம் காதில் விழாததுபோல் குழலின் நீளத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவார்.

யோசனை வருடக்கணக்கில் நடந்தது. குழல் உருண்டையா, எண்கோணமா என்பதில் இரண்டு கோடை போயிற்று. வால்நட் மரக்கட்டையைத் தோளுக்கு அளவெடுத்த பிறகு வயிறு வளர்ந்ததால் மறுபடி அளவெடுத்தார்கள். உலோகத்தில் ஒரு பக்கம் மயிலும் மறுபக்கம் ஈஃபில் கோபுரமும் செதுக்கச் சொன்னார். அமையாதது காலிபர் மட்டுமே, அதாவது குழலின் துளை எத்தனை மில்லிமீட்டர் என்பது. ஆறரை என்றால் வாசலில் கிடப்பது ஆட்டுக்குட்டி அளவு மான். ஒன்பது புள்ளி மூன்று என்ற வாரம் அது கொம்பு கிளைத்த கலைமானாக எழுந்து, கதவில் தொங்கிய காஞ்சிபுரத்தைக் கொம்பில் மாட்டிக்கொண்டது. ஏழு என்றதும் மறுபடி சிறுத்தது. அண்ணை இன்றைக்கு எதில் நிற்கிறார் என்பதைச் சனம் மானைப் பார்த்தே சொன்னது. சாக வந்ததற்கு இருக்கும் ஒழுங்கு சுட வந்தவருக்கு இல்லையே என்று நினைத்தபடி சிவாஜினி அதற்குக் கீரைத்தண்டு போட்டாள்.

2016இல் மேல்மாடிக்காரர் உண்மையாகவே அழைத்தார். வேறு வழியில்லாமல் மகாலிங்கம் எட்டு என்று மரி-லூயிஸிடம் தொலைபேசியில் சொன்னார். காட்டுப்பன்றிக்கு எட்டே பொருத்தம் என்று அவள் முதல்நாளே சொல்லியிருந்தாள். அவர் போனை வைப்பதற்குள் வாசலில் மான் பன்றியாகி நின்றது. கடைப்பக்கம் விலாவைத் திருப்பி, குண்டு படவேண்டிய இடம் தெரியும்படி முன்காலை ஓரடி எடுத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்த சிவாஜினியின் கத்தரிக்கோல் நின்றது. இத்தனை வருடம் போட்ட கீரைத்தண்டு இதற்காகவா என்று நினைத்தாள்.

"எட்டோ?" என்றாள், நிமிராமல். "சனியின்ரை எண். உங்களுக்கு ஏழரையும் நடக்குது. நல்லது, எடுங்கோ."

மகாலிங்கம் மறுபடி போனை எடுத்து, எட்டும் வேண்டாமென்றார்.

மேல்மாடிக்காரர் வேறு யாரோடோ வேட்டைக்குப் போனார். வசந்தத்தில் துப்பாக்கி வந்து சேர்ந்தது. மயில், கோபுரம், கட்டை, எண்கோணக் குழல் எல்லாம் சொன்னபடி இருந்தன. துளை மட்டும் இல்லை. குழல் முனைமுதல் அடிவரை கெட்டி இரும்பு. முடிவெடுத்ததும் அனுப்புங்கள், துளைத்துத் தருகிறேன் என்று மரி-லூயிஸ் சொல்லியனுப்பினாள். மகாலிங்கம் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். எல்லாக் காலிபரும் இதற்குள்தான் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு விளக்கினார்.

பன்றி அதற்குப் பிறகு அளவு மாறவில்லை, போகவும் இல்லை. புறநகர் செவ்ரானிலிருந்து கூறைப்புடவை எடுக்க வருகிறவர்களுக்குப் பண்டி படுத்திருக்கிற கடை என்று வழி சொன்னார்கள். கோயில் தேரன்று தெருவில் உடைத்த தேங்காயை அது தின்றது. மாலையில் கதவை இழுத்துப் பூட்டும்போது, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ" என்பாள் சிவாஜினி. அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான் என்பதால், முதலில் சில நாள் மகாலிங்கம் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன்னை இல்லை என்று தெரிந்துகொண்டார். பன்றி தள்ளிப் படுத்தது.