பதினைந்து நிமிடத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு கனவில் வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வந்தது மச்சான் வழியாக. என் மனைவியின் அண்ணன். சோப்புத் திரவம் தயாரிக்கும் ஆலையில் கலவைப் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

"மாப்ள, நீங்க எழுதுறவருதானே? பேஸ்ட்டப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டணும். இப்ப இருக்கறத ஒரு ஆளும் படிக்க மாட்டேங்கறாங்க."

"நாலு வரி வராது மச்சான். கதை வேணும்னா வரும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கையை இந்த ஆளுக்கா கட்டிக் கொடுத்தோம் என்கிற பார்வை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக எனக்கு அது பழக்கம்.

பேஸ்ட் என்பது ஆலைக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். ஷாம்புவுக்கும் பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் நுரையைத் தருகிற சர்ஃபாக்டன்ட். எண்ணெயையும் தண்ணீரையும் சமாதானம் பேசிச் சேர்த்துவைப்பது இதன் வேலை. உங்கள் வீட்டுக் குப்பியில் இது கொஞ்சம்தான் இருக்கும், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். ஆலைக்கு வரும் பீப்பாயில் நூற்றுக்கு எழுபது பங்கு இதுவேதான்; கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். "சோப்புதானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மச்சானின் தலைவலியே அந்தத் "தானே"தான்.

2

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவன் ஆலையின் புகைபோக்கியைத் தழுவிக்கொண்டு—"

அந்த ஆலைக்குப் புகைபோக்கியே கிடையாது. போகட்டும்.

இரண்டாவது: "ஆபத்து எப்போதும் வெண்மையாகவே வருகிறது என்பதை அவள் அறிந்திருக்க—"

யாரிடம் படம் காட்டுகிறேன்? அடித்துவிட்டேன்.

மூன்றாவது: அக்காவுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டும்.

இது நிற்கட்டும்.

3

அக்கா என்றால் ஆலை முழுவதற்கும் அக்கா. சொந்தத் தங்கை ஒருத்தியும் அங்கேயே பேக்கிங்கில் இருக்கிறாள். அக்கா கலவைத் தொட்டியருகே பன்னிரண்டு வருடம் நின்றவள். பேஸ்ட்டின் குணம் அவளுக்கு அத்துபடி. அதில் தண்ணீர் விட்டால் இளகும் என்றுதான் நாம் நினைப்போம். அது முதலில் இறுகிக்கொள்ளும்; கரண்டியே நிற்கும். நிறையத் தண்ணீர், நிறைய நேரம் கொடுத்தால்தான் இறங்கிவரும். புதிதாக வருகிறவர்களிடம் அக்கா இதை ஒரு கோபக்கார உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள்.

பீப்பாய்களைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த இருக்கைக்கு இரண்டு பேர் போட்டி: அக்கா, லோடிங்கில் இருக்கும் ஒல்லி. லைசென்ஸ் தேர்வு வைக்கும் பரிசோதகர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் "வரவில்லை" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவார்.

அக்கா மூன்று மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் பழகினாள். வீட்டிலும் விடவில்லை.

"அடுப்படிக்குள்ளகூட திரும்பிப் பாத்துப் பாத்துப் பின்னாடியே போறா," என்று தங்கை ஆலை முழுவதும் சொல்லிவைத்திருந்தாள். "ஹாரன் ஒண்ணுதான் அடிக்கல."

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரி தவறு செய்வாளா? இரண்டு நாள் பேனாவை மூடிவைத்தேன். அப்புறம் தோன்றியது: பேஸ்ட்டை அறியாதவர் செய்யும் தவறு ஒன்று, நன்றாக அறிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இன்னொன்று.]

4

தேர்வு நாள். பரிசோதகர் பதினொரு மணிக்கு. பத்தே முக்காலுக்கு அக்கா கடைசித் தொட்டியை முடித்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆவி கண்ணாடிமேல் படிந்தது. பாதுகாப்புக் கண்ணாடியைச் சொல்கிறேன், நாலு பக்கமும் மூடி, ரப்பர் பட்டையால் தலையில் இழுத்துக் கட்டுவது. துடைத்தால் மறுபடி படியும். எதிரே இருக்கும் வெப்பமானியே தெரியவில்லை.

அக்கா கையுறையைக் கழற்றினாள். பீப்பாய் விளிம்பில் வழிந்திருந்த பேஸ்ட்டைச் சுண்டுவிரலால் ஒரு பொட்டுத் தொட்டாள். கண்ணாடியின் உட்புறம் தேய்த்து, துணியால் ஒற்றி, மாட்டிக்கொண்டாள். ஆவி போன இடம் தெரியவில்லை. உலகம் பளிச்சென்று இருந்தது.

சோப்பு தடவினால் ஆவி படியாது என்பது எனக்குக் குளியலறையில் தெரிந்த சங்கதி. அதை ஆலைக்குள் கொண்டுபோய்க் கற்பனையில் நுழைத்தேன் என்று எனக்குள் ஒரே பெருமை. இந்தப் பகுதியை மச்சானிடம் படித்துக் காட்டினேன்.

மச்சான் முகம் மாறியது.

"இத யாரு உங்களுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கற்பனை."

"பொய் சொல்லாதீங்க மாப்ள. ஒல்லி சொன்னானா?"

"ஒல்லியே என் கற்பனைதான் மச்சான்."

அவர் தன் பையிலிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, உட்புறத்தை முகர்ந்து பார்த்தார். அன்று முதல் இது நான் இட்டுக்கட்டிய கதை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

5

வியர்வை கண்ணாடிக்குள் இறங்க அஞ்சு நிமிடம் பிடித்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, தேய்த்த இடத்தைக் கழுவிக்கொண்டு, வலது கண்ணுக்குள் போனது.

அவள்— (இங்கே "அலறினாள்" என்று எழுதினேன். அக்கா அலறுகிற ஆள் இல்லை.) அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள். சுவரோரம் கண் கழுவும் ஐவாஷ். பச்சைத் தட்டைத் தள்ளினால் இரண்டு ஊற்று மேல்நோக்கிக் கிளம்பும், முகத்தைக் கொடுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் கொடுத்தாள். எரிச்சல் பாதி அடங்கியது. முகத்தைத் துடைத்தாள். வெளியே பரிசோதகரின் வண்டி வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

வாசலில் தங்கை மறித்தாள்.

"கண்ணு என்ன இப்படிச் செவந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. தண்ணி பட்டுச்சு."

"தண்ணி பட்டா செவக்குமா? பேஸ்ட்டா?"

"கழுவிட்டேன்டி. வழிய விடு."

"எவ்ளோ நேரம்?"

"கழுவிட்டேன்னு சொல்றேன்ல."

"எவ்ளோ நேரம்க்கா?"

தங்கை அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"கொஞ்சூண்டு தண்ணி விட்டா அது இன்னும் இறுகும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ. தொட்டிக்கு ஒரு நியாயம், உன் கண்ணுக்கு ஒரு நியாயமா? பதினஞ்சு நிமிஷம். வா."

"பேரக் கூப்பிட்டுருவாங்கடி. ஆறு மாசம்..."

"ஆறு மாசம் கழிச்சு ஓட்டறதுக்குக் கண்ணு வேணும்."

அக்காவுக்கு அழுகை வந்தது. எரிச்சலால் இல்லை. தங்கை சொன்னது சரி என்பதால் வந்த அழுகை அது. திரும்பி நடந்தாள்.

6

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. "பதினைந்து நிமிடம் கழிந்தது" என்று எழுத எனக்கு இரண்டு விநாடி போதும். பரிசோதகரின் டயரைப் பஞ்சராக்கலாம். மழையைக் கூப்பிடலாம். எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன்.

அ. பரிசோதகர் தேநீர் குடிக்கப் போகிறார். அக்கா முழுதாகக் கழுவிவிட்டு வந்து, வென்று— (என் மனைவி படித்துவிட்டு, "இது சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு" என்றாள்.)

ஆ. அக்கா தங்கையை உதறிவிட்டுப் போய் ஓட்டுகிறாள், ஜெயிக்கிறாள். சாயங்காலம் அந்தக் கண்— எழுத மாட்டேன். சுவரில் ஒட்டப் பயமுறுத்தும் படம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே மிச்சம் இருப்பது நிஜமான பதினைந்து நிமிடம்தான். அதை நான் சுருக்கப் போவதில்லை.

7

அக்கா குனிந்து நிற்கிறாள். தங்கை இரண்டு விரலால் அவள் இமையைப் பிரித்துப் பிடித்திருக்கிறாள். கழுத்து, மேல்சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்துத் தொட்டிக்காரர் கண் மருத்துவமனைக்குப் போக வண்டி சொல்லப் போயிருக்கிறார்.

"உருட்டு. கண்ண உருட்டுக்கா. மேல பாரு. கீழ பாரு."

"எவ்ளோ ஆச்சு?"

"ரெண்டு."

"பொய் சொல்லாத. நாலு இருக்கும்."

"நீ லைசென்ஸ் எடு, கடிகாரத்த நான் பாத்துக்கறேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்து, அக்காவின் மூக்கில் தண்ணீர் ஏறி, தும்மி, மறுபடி கண்ணைக் கொடுத்தாள். வெளியே ஒல்லி வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

அஞ்சாவது நிமிடம் ஒல்லி இறங்கினான். பரிசோதகர் தாளைப் புரட்டினார். பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கிறார். (ஆமாம், மச்சானேதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?) அவர் தலைக்குமேல் ஒரு பலகை: "விபத்தில்லாத நாட்கள் 412". உள்ளே தண்ணீர் ஓடுவது அவருக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"அடுத்த ஆள் எங்க?" என்றார் பரிசோதகர்.

மச்சான் "வரல சார்" என்று சொல்லலாம். இரண்டு சொல். பலகை 413க்குப் போகும். அல்லது, "என் பிரிவுல ஒருத்தங்க கண்ணுல பேஸ்ட் பட்டுருச்சு, கழுவிட்டிருக்காங்க" என்று தொடங்கலாம். பலகை பூஜ்யத்துக்கு வரும், மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும். டாக்டர் பார்த்த பிறகு அவளுக்கு வேறொரு நாள் கேட்டு வாங்குவதும் அவர் பொறுப்பாகிவிடும். அக்கா அந்த ஒரு நிமிடத்தோடு ஓடிவந்ததற்கு அவசரம் மட்டும் காரணமில்லை. இவர் எதைச் சொல்வார் என்று பன்னிரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மச்சான் சொன்ன பதிலை நான் எழுதவில்லை. இடம் விட்டு, தாளை மச்சானுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கம் தெரிந்தது. பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி, அழித்து, கடைசியில் பேனாவால் எழுதியிருந்தார்.

என்ன எழுதினார் என்று நான் இங்கே அச்சிட மாட்டேன். அதைப் படித்தால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உங்களுக்குக் கீழேயும் யாராவது வேலை செய்யலாம். எங்காவது ஒரு பலகையும் தொங்கலாம். பரிசோதகர் பேனாவைத் திறந்துவிட்டார். அக்காவுக்கு இன்னும் பத்து நிமிடத் தண்ணீர் பாக்கி. பரிசோதகர் உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார், சொல்லுங்கள்:

"......................................."