கீழ்த்தட்டுக் கோப்புகள்

…அதற்குள் கைதட்டல் வேறு. இன்னும் தலைப்பைக்கூடப் படிக்கவில்லை, வணக்கம் சொல்லிச் சிரித்தாள், அவ்வளவுதான், அதற்கே முன்வரிசையில் இரண்டு பேர் தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன், தட்டாமல் உட்கார்ந்திருந்தால் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடுமே… குருவி. துறையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம், ஐந்தடிகூட இல்லை, ஓரிடத்தில் நிற்கமாட்டாள், பேச்சும் கீச்சுக்கீச்சென்றுதான் இருக்கும், ஆனால் மைக்கைப் பிடித்தால் மட்டும் அந்தக் கீச்சு எங்கே ஓடிவிடுகிறதோ, அடிவயிற்றிலிருந்து நிதானமாக வருகிறது குரல். வயது இருபத்து நான்கு. எனக்கு இன்னும் இரண்டு மாதத்தில் நாற்பது முடிகிறது, முடிந்துவிட்டால் முழுநேர ஆய்வுக்கு விண்ணப்பிக்க முடியாது, வயது வரம்பு. நெறியாளர் மேடம் இந்த வருடம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப் போவது ஒரே ஒரு மாணவரை. கேட்டிருப்பது நாங்கள் இருவர். இன்றைக்கு இருவரும் தேர்வுக் குழுவுக்கு முன்னால் ஆய்வு முன்மொழிவைச் சொல்ல வேண்டும், முதலில் அவள், தேநீர் இடைவேளைக்குப் பிறகு நான். அவளுக்கு அடுத்த வருடம் உண்டு, அதற்கடுத்த வருடமும் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் குடியா முழுகிப் போய்விடும்? பொறுக்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானா போய்க் கேட்பேன்?

திரையில் அவள் தலைப்பு வந்துவிட்டது. 'மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள்?' மூன்றே சொல். சர்க்கரை நோய்க்காரர்கள் பாதியில் ஏன் மருத்துவமனைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் விஷயம், அதை இப்படியா வைப்பார்கள், வாரப் பத்திரிகைக் கேள்வி பதில் மாதிரி… ஆனால் குழுத் தலைவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், அதையும் கவனித்துவிட்டேன். என் தலைப்பு பன்னிரண்டு சொல். 'நாள்பட்ட நோயாளிகளின் சிகிச்சைத் தொடர்ச்சியில் நிறுவனக் கட்டமைப்புகளின் இடைவினைசார் தாக்கம்: ஒரு பன்முகக் கோட்பாட்டு அணுகுமுறை.' வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், "ஸ்டாப்பிங்கே இல்லாத ரூட்டு மாதிரி இருக்கே" என்றார். நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதே மனிதர், போன மாதம் குருவி ஒரு புத்தகம் வாங்க வீட்டுக்கு வந்தபோது, அரை மணி நேரம் அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேட்டார், அவள் சொன்னாள், இவருக்குப் புரிந்தது, "எங்க டிப்போலகூட நாலு பேர் மாத்திரையை நிறுத்திட்டாங்கம்மா" என்று கதை வேறு சொன்னார். அவள் போன பிறகு, நல்ல பொண்ணு என்றார். மகளோ, அந்த அக்கா சூப்பர்ம்மா, அவங்க மாதிரி நானும் படிக்கப் போறேன் என்றாள். பக்கத்தில் நான் நிற்கிறேன். ஒன்பது வருடம் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்து முதுகலை முடித்தவள், அடுப்புப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தவள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அன்றைக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே எரிந்தது, மருந்து குடித்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. முன்மொழிவு சொல்வதற்கு முன்னால், ஒருவருடைய வரைவை இன்னொரு மாணவர் படித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்கே ஓட்டை, எங்கே ஒட்டவில்லை, எல்லாம். ஒரு பிரதி எழுதியவருக்கு, ஒரு பிரதி குழுவின் கோப்புக்கு. குருவியின் வரைவு எனக்கு வந்தது, என்னுடையது அவளுக்குப் போனது, மேடம்தான் அப்படிப் பிரித்தார், வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ… வரைவைப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே ஓட்டை. சர்க்கரை நோய்ப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரைப் பேட்டி எடுப்பதாக எழுதியிருந்தாள். அடி அசடே, வராமல் போனவர்களைப் பற்றி வந்து உட்கார்ந்திருப்பவர்களிடமா கேட்பாய்? வராதவர்கள் அந்தக் கூடத்தில் எப்படி இருப்பார்கள்? எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டு அறையில்தான் ஒன்பது வருடம் எழுத்தராக இருந்தேன். ஆறு மாதம் வராதவர்களின் கோப்புகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவோம். கேட்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் கீழ்த்தட்டில் இருக்கிறார்கள், முகவரியோடு. இதை ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன், திரும்ப எடுத்தேன். 'தெளிவான வரைவு. குறிப்பிடத்தக்க குறை எதுவும் காணவில்லை. வாழ்த்துகள்.' கையெழுத்துப் போட்டு உறையில் போட்டு ஒட்டினேன். பொய் இல்லையே… காணவில்லை என்றால் காணவில்லை, கண்டதைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே? அன்று நன்றாகத் தூங்கினேன், அதுதான் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவளுடைய கடிதம் திங்கட்கிழமை வந்தது. உறையைத் தூக்கிப் பார்த்தேன், கனம். நான் மூன்று வரி எழுதினால் இவள் மூன்று பக்கமாவது எழுதியிருக்கிறாள், இருபத்து நான்கு வயதில் எனக்குப் பாடம் எடுக்கிறாளா? பிரிக்கவே இல்லை. கைப்பையில் போட்டது போட்டபடி கிடக்கிறது, இதோ இப்போதும் மடியில் இருக்கும் பைக்குள் அதன் மூலை தட்டுப்படுகிறது. புதன்கிழமை நடைவழியில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, லெட்டர் படிச்சீங்களா? நான் கேட்டிருந்தேனே, அதுக்குச் சரியா?" படிச்சேன் படிச்சேன், எல்லாம் சரி என்றேன், வேறு என்ன சொல்வது, பிரிக்கவில்லை என்றா சொல்வது? "நிஜமாவா அக்கா? உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" எனக்கென்ன வருத்தம் என்றேன். சட்டென்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது. நாடகக்காரி என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்…

என்ன இது? திரையில் ஒரு படம். கீழ்த்தட்டு. கயிறு போட்ட கட்டுகள், அந்தத் தட்டின் வளைந்த பலகை, அதை நான் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தேன், அந்தச் செங்கல்கூடத் தெரிகிறது. அவள் சொல்கிறாள், வராமல் போனவர்களை இந்தக் கோப்புகளிலிருந்து தேடி அவர்கள் வீட்டுக்கே போகப் போகிறாளாம். அடுத்த படம் ஒரு கோப்பின் மூலை, பெரிதாக்கியது. பென்சில் எழுத்து. 'மகள் வீட்டோடு போய்விட்டார்.' என் எழுத்து. அடுத்தது, 'பேருந்து நேரம் மாறிவிட்டதாம்.' என் எழுத்து. 'டாக்டர் திட்டினாராம், இனி வரமாட்டாராம்.' உறவுக்காரர்கள் யாராவது வேறு வேலையாக வரும்போது, அவர் ஏன் வரலை என்று கேட்பேன், சொல்வார்கள், மறந்துவிடக் கூடாதே என்று மூலையில் எழுதி வைப்பேன், யாரும் எழுதச் சொல்லவில்லை, மேலதிகாரி பார்த்தால் கோப்பைக் கிறுக்குகிறாயா என்று கத்துவார், அதனால்தான் பென்சில். திருடி. திருடிவிட்டாள்! ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம், ஆமாம் சந்தோஷம்தான், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடம் எனக்குத்தான்… எழுந்திருக்கப் போனேன், அதற்குள் குழுவில் இருந்த புள்ளியியல் பேராசிரியர், "உங்க வரைவுல இது இல்லையேம்மா, காத்திருப்புக் கூடம்தானே இருந்தது? உங்க சக வாசகரும் குறை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. பிறகு எப்படி மாத்தினீங்க?" என்றார். குருவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அக்கா நேர்ல சொன்னதுதான் சார். இந்தப் பென்சில் குறிப்பெல்லாம் அவங்க எழுதினது. பயன்படுத்திக்கலாமான்னு கேட்டேன், சரின்னு சொல்லிட்டாங்க. அதோ பின்னாடி உக்காந்திருக்காங்க." எல்லாத் தலைகளும் திரும்பின. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு வரி எழுதிட்டு அதையே பூட்டி வைக்கிற காலம் இது. நீங்க உங்க ஒன்பது வருஷ வேலையைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க. பெரிய மனசும்மா." கைதட்டினார்கள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? யாரோ கழுத்தைப் பிடித்து ஆட்டிவைத்த மாதிரி ஆடியது.

தேநீர் இடைவேளை. எல்லோரும் குருவியைச் சுற்றி நிற்கிறார்கள், நான் மாடிப்படித் திருப்பத்தில், பழைய நாற்காலிகள் அடுக்கிய மூலையில், உறையைப் பல்லால் கிழிக்கிறேன். பொய்க்காரி, எப்போது கேட்டாள், எப்போது நான் சரி என்றேன்… நான்கு பக்கம். கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கிறது, அது வேறு. 'அக்கா, முதல்ல ஒரு சந்தேகம். அன்னைக்கு மழையில கேன்டீன்ல மாட்டிக்கிட்டப்போ கீழ்த்தட்டு பத்தியும் பென்சில் குறிப்பு பத்தியும் சொன்னீங்களே, அது உங்க வரைவுல எங்கேயுமே இல்லையே, ஏன்? தேடித் தேடிப் பார்த்தேன். கோட்பாடுதான் இருக்கு, நீங்க இல்லை.' சொன்னேனா? மழை… ஆமாம், மேசை ஒழுகியது, தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு பேசினோம், அவள் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், சொன்னேன், நானேதான் சொன்னேன். வரைவில் ஏன் எழுதவில்லை என்றால்… குமாஸ்தா வேலை ஆய்வாகுமா? பேராசிரியர்களுக்கு முன்னால் போய், கயிறு கட்டினேன், செங்கல் வைத்தேன் என்றா சொல்வது? அதை மறைக்கத்தானே பன்னிரண்டு சொல். 'நீங்க இதைச் சேர்த்துக்கிட்டா உங்களுக்குத்தான் இடம் கிடைக்கும், எனக்கு நல்லாத் தெரியும். சேர்க்கப் போறதில்லைன்னா நான் பயன்படுத்திக்கலாமா? உங்க பேரைச் சொல்லித்தான் செய்வேன். புதன்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம், என் பழைய வரைவையே படிச்சிடறேன், அதுல ஓட்டை இருக்குன்னு எனக்கே தெரியுது.' புதன்கிழமை. நடைவழி. எல்லாம் சரி என்றேன். எனக்கென்ன வருத்தம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாளே… கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தாள். 'இதைச் சொல்லாம இருக்க முடியலை அக்கா. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அந்த அறையில ஒன்பது வருஷம் இருந்திருக்கீங்க. நான் எத்தனை புத்தகம் படிச்சாலும் அது எனக்கு வராது.'

கூப்பிட்டுவிட்டார்கள். நடக்கிறேன், படி ஏறுகிறேன், மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறாள், மேலே தூக்கினால் கிறீச்சென்கிறது. திரையில் என் பன்னிரண்டு சொல் பளபளவென்று நிற்கிறது. இதை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்பது வருடம் நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால், பெரிய மனதோடு கொடுத்ததை அரை மணி நேரத்தில் திரும்பப் பிடுங்குகிறவள். சொல்லாவிட்டால் இந்தப் பன்னிரண்டு சொல்லும் நானும். உண்மையைச் சொல்வதென்றால், உறையையே பிரிக்கவில்லை, மூன்று வரிக் கடிதத்தில் அவளுடைய ஓட்டையை மறைத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதை எந்த வாயால் சொல்வது? இரண்டாவது வரிசையில் குருவி. எனக்காக ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அன்றைக்கு மழையில் உட்கார்ந்த மாதிரியே. பொறாமையா இருக்கு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாள்… நான் அந்த ஒரு சொல்லை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை, வயிற்றுக்கு மருந்துதான் குடித்தேன். இப்போது பார், அவள் குரலோ வயதோ மூன்று சொல் தலைப்போ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கடைசி வரியை அவளால் எழுத முடிந்ததே, அதுதான் பொறுக்கவில்லை. "ஆரம்பிங்கம்மா" என்கிறார் தலைவர். வணக்கம் என்றேன். முன்வரிசையில் யாரும் தட்டவில்லை, அவள் மட்டும் தட்டினாள்.