சத்தமில்லாத மூன்று நட்சத்திரங்கள்

என் மகள் நித்யஸ்ரீ பியானோ தேர்வில் தேறவில்லை என்றால் அவளுடைய கீபோர்டு அயோத்தியாப்பட்டணத்துக்குப் போய்விடும். தன் தம்பி மகளுக்குத் தருவதாக என் வீட்டுக்காரர் காளிதாஸ் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார். ஃபேன் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிற மனிதர், இதில் மட்டும் படுவேகம்.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீடும் தறிப்பட்டறையும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் ஒற்றைச் சுவர்தான். இரண்டு ஷிப்டும் தறி ஓடும். நாங்கள் சாதாரணமாகப் பேசுவதே வெளியாளுக்குச் சண்டை போல இருக்கும். கரண்டு போனால் தறி நிற்கும். அப்போது கம்ப்யூட்டரும் கீபோர்டும் சேர்ந்தே நின்றுவிடும்.

ஒன்பது வயது நித்யஸ்ரீ பியானோ கற்றுக்கொண்டதெல்லாம் கம்ப்யூட்டரோடு கீபோர்டை இணைத்து ஆடும் விளையாட்டில்தான். திரையில் மேலிருந்து வண்ணப் பட்டைகள் இறங்கும். அடிக்கோட்டைத் தொடும்போது சரியான கட்டையை அமுக்கினால் புள்ளி ஏறும். தவறினால் ஒரு பூனை கண்ணீர் விடும். பூனையை அழவிடக் கூடாதென்று பிள்ளை சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டே வாசித்து மூன்று நட்சத்திரம் வாங்குமளவுக்குத் தேறிவிட்டாள்.

அதே அறையில்தான் இவர் நூல் வியாபாரிகளோடு போனில் பேசுவார். “தறிச் சத்தம் பத்தாதுன்னு இது வேறயா?” என்று முதல் வாரமே கத்தினார். கீபோர்டு, கம்ப்யூட்டர் இரண்டின் சத்தத்தையும் அடியோடு குறைத்தோம். அது அப்படியே கிடந்தது. எங்களில் யாருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. நட்சத்திரம் வந்தால் பாட்டு சரி, அவ்வளவுதானே!

தேர்வு சூரமங்கலத்தில் ஒரு இசைப்பள்ளியில். நாங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் நிஜப் பியானோ, பக்கத்தில் தேர்வு நடத்தும் அனிதா டீச்சர். திரை இல்லையே என்று எனக்குத்தான் பயம். நித்யஸ்ரீ தைரியமாகத்தான் கையை வைத்தாள். முதல் கட்டையை அமுக்கினாள்.

சூடுபட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னாச்சும்மா?”

“ஒண்ணுமில்லீங்க மிஸ்.”

மறுபடி அமுக்கினாள். அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த கட்டை, பிறகும் காத்திருப்பு. நிக்காத சாமி, வாசி என்று பிள்ளையிடம் வாய்க்குள் கெஞ்சினேன். “பாத்தியா உன்ற புள்ள லட்சணத்தெ,” என்றார் பக்கத்தில் இருந்த இவர்.

நித்யஸ்ரீ டீச்சர் பக்கம் திரும்பினாள். “மிஸ், இதுதான் அந்தப் பாட்டுங்களா?”

“எந்தப் பாட்டு?”

“நான் தெனமும் வாசிக்கிறதுங்க. அது இப்படித்தான் இருக்குமுங்களா?”

அனிதா டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

“இன்னிக்கு பாஸ் போட முடியாதுங்க,” என்றார் அவர், மெதுவாகத்தான். “அடுத்த மாசம் வரட்டும். அதுவரைக்கும் காதால கேட்டு வாசிக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கீபோர்டின் வயரைப் பிடுங்கப் போனார். நித்யஸ்ரீ அழவில்லை.

“அப்பா, ஒருக்கா சத்தமா வெச்சு வாசிச்சுக்கறேனுங்க. அப்பறம் எடுத்துக்கங்க.”

“இந்தத் தறிச் சத்தத்துல என்னத்தெக் கேக்கப் போற?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று பட்டறைக்குப் போனேன். தறிகளுக்குத் தனி லைன். மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன.

“ஏனுங்கக்கா, கரண்டு போயிருச்சுங்களா?” என்றார் தறி ஓட்டும் வெள்ளியங்கிரி.

“இல்லீங்க. நாந்தான் நிறுத்தினேன்.”

இவர் பாய்ந்து வந்தார். “ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? நாளைக்குக் காலைல சரக்குப் போகோணும்!”

சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் தொழிலில் நான் கை வைத்ததே இல்லை. “புள்ள வாசிச்சு முடிக்கட்டுங்க. அப்பறம் போட்டுக்கங்க.”

“தள்ளு.”

நான் தள்ளவில்லை. அவர் கை என் தோளுக்கு மேலாக சுவிட்சைத் தொட்டுவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி வந்தது. ஓரிடத்தில் தப்பியது. அவளே நிறுத்தி, திரும்பி வந்து, சரியாகப் பிடித்தாள். திரையில் பூனை அழுதிருக்கும். அவள் அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. வெள்ளியங்கிரி நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. சொன்ன சொல்லுக்காக நான் ஒதுங்கி நின்றேன். இவர் கை சுவிட்சிலேயே இருந்தது, ஆனால் மேலே தள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். எங்கள் வீட்டில் அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

“சாமி, இன்னொருக்கா வாசி.”

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு அது கேட்டது.