இரண்டே நிமிடத்தில் ஏறும் வெட்சூட்

என் கணவன் வெர்னன் வெட்சூட் என்கிற ரப்பர் முக்குளிப்பு உடையைப் போடும் அழகை மான்டரே கடற்கரையில் பார்க்காதவர்கள் குறைவு. காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இருபது நிமிடம் குதிப்பான். நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் என்னுடையதை இரண்டே நிமிடத்தில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தபடி அந்த நாட்டியத்தை ரசிப்பேன்.

இவ்வளவு பாடுபட்டுக் கடலுக்குள் இறங்குகிறவன், பதினெட்டாவது நிமிடம் கட்டைவிரலை உயர்த்துவான். தண்ணீருக்கடியில் அது பாராட்டு இல்லை. மேலே போகலாம் என்று அர்த்தம். ஜோடியில் ஒருவர் அதைக் காட்டினால் மற்றவர் காரணம் கேட்காமல் கூடவே போக வேண்டும். இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பதினொரு வருடமாக கடலடியில் ஒரு பாறைச் சுவரின் கோடியைக்கூட நான் பார்த்ததில்லை. மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டால், "குளிருது லோர்னா" என்பான். ஆறடி இரண்டங்குலத்து ஆண்பிள்ளை.

அந்தச் சனிக்கிழமை பாயிண்ட் லோபோஸ் கடலில் இறங்க எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. புதன்கிழமை காலை முடிவாகச் சொல்லிவிட்டேன்.

"இன்னிக்குக் கடைக்குப் போய் உன் வெட்சூட்டைக் காட்டுறோம். அளவு சரியில்லைன்னா புதுசு வாங்கு. சரியா இருந்தா குறை உன் உடம்புலதான். நான் இனிமே ஐரிஸோட இறங்கிக்கிறேன்."

ஐரிஸ் எங்கள் முக்குளிப்புக் கிளப்காரி. நாற்பது நிமிடம் அசராமல் தாங்குவாள். வெர்னன் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவியபடி "சரி" என்றான். பதினொரு வருடக் குற்றத்துக்கு அவ்வளவுதான் பதில். ஒரு நல்ல வெட்சூட் எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்ட என்னுடையதையும் எடுத்துக்கொண்டேன்.

கடையில் யெசீனியா இருந்தாள். அளவு பார்ப்பதில் கைதேர்ந்த பெண். உடை மாற்றும் அறைக்குள் வெர்னன் வழக்கம்போலச் சுவரில் மோதி, முனகி, ஒருவழியாகச் சிவந்த முகத்தோடு வெளியே வந்தான்.

"கையைத் தூக்குங்க சார். இப்போ குந்துங்க."

அவள் அக்குளில் கிள்ளிப் பார்த்தாள், இடுப்பின் பின்பக்கம் கிள்ளிப் பார்த்தாள். தடித்த ரப்பர் விரலுக்குச் சிக்கவே இல்லை.

"மூச்சு விட முடியுதா?"

"விடுறேன். கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு விடுறேன்."

"அப்போ கச்சிதம். கரையில சொகுசா இருந்தா உள்ள சொகுசா இருக்காது சார். புகுந்த தண்ணி அங்கேயே நின்னு உடம்போட சேர்ந்து கதகதப்பாகணும். லூசா இருந்தா, நீங்க காலை உதைக்க உதைக்கப் புதுசா பச்சைத்தண்ணி வந்துட்டே இருக்கும்."

எனக்கு வந்ததே கோபம். "அப்போ இவனுக்கு ரத்தமே பச்சைத்தண்ணிதான். இங்க பாரும்மா, வெட்சூட்னா இப்படி இருக்கணும்."

இரண்டே நிமிடம். சுவரைக்கூடப் பிடிக்காமல் மாட்டிக்கொண்டு, முதுகு ஜிப்பை நானே இழுத்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். யெசீனியா என் இடுப்பின் பின்னால் கை வைத்தாள். கை நிறைய ரப்பர் வந்தது.

"குனிங்க மேடம்." குனிந்தேன். முதுகுப் பக்கம் தொப்பை மாதிரி உப்பிக்கொண்டது.

"இங்க ஒரு மீன் குடும்பமே குடியிருக்கலாம். இதைப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் தாங்குறீங்க?"

"யாருக்குத் தெரியும்? இவன்தான் பதினெட்டு நிமிஷத்துல மேல கூட்டிட்டுப் போயிடுறானே."

யெசீனியா வெர்னனைப் பார்த்தாள். அவன் சுவரில் விற்பனைக்குத் தொங்கிய கையுறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். கையுறை வாங்கும் எண்ணமே அவனுக்கு இல்லை.

"வெர்னன். உனக்குக் குளிருமா, குளிராதா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"பின்ன எதுக்குக் கட்டைவிரல்?"

"குளிர்ல உன் கை நடுங்க ஆரம்பிக்கும். டார்ச் வெளிச்சம் பாறை பூரா ஆடும். நான் சைகை காட்டினா நீ பதில் சொல்ல ரெண்டு மூணு தடவை காட்ட வேண்டியிருக்கும்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"முதல் வருஷம் சொன்னேன். என் வெட்சூட்டைக் குறை சொல்ல நீ யாருன்னு கேட்டுட்டு அஞ்சு நாள் பேசல. எனக்குக் குளிருதுன்னா மட்டும் திட்டிட்டே மேல வந்துடுவ."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அப்படிப் பேசக்கூடியவள்தான் நான். கிளப்பில் எல்லோரிடமும் அவனைக் கேலி பேசியது நினைவுக்கு வந்து, வெட்கத்தில் காது சுட்டது.

யெசீனியா கொடுத்த புது வெட்சூட்டுக்குள் என்னைத் திணிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடை நடுவில் ஒற்றைக் காலில் குதித்தேன். வெர்னன் சிரித்திருந்தால் பரவாயில்லை. பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்து நின்றான். யெசீனியா கிள்ளிப் பார்த்தாள். சிக்கவில்லை.

"சனிக்கிழமை ஐரிஸோடயா?" என்று கேட்டான், கையுறைகளைப் பார்த்தபடியே.

புது வெட்சூட்டின் கழுத்து இறுக்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. எப்போதாவதுதான் அப்படி நடக்கும். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"அங்கேயும் நான் கட்டைவிரலைத் தூக்கினா?"

"ஏன்னு கேக்காம வருவேன்" என்றேன். "மேல வந்தும் கேக்க மாட்டேன்."