மேட்டுச் சூலம்

அர்ச்சுனனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கம்பெனிக்காரன் சிரித்தால் எதையோ பிடுங்கப் போகிறான் என்று நினைப்பார். கோயில் கமிட்டிக்காரன் கும்பிட்டால் அதற்கும் மேலே நினைப்பார். கமிட்டித் தலைவர் சொந்த மருமகன் ரவிச்சந்திரன்தான் என்பதால் அந்த நினைப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதனால் அன்று காலை மகள் ரோகினி இடியப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைக்க, மருமகன் எதிரில் உட்கார்ந்து என்றைக்கும் இல்லாத பணிவோடு சாப்பிடச் சொன்னதும் கிழவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சத்தியம் பண்ணப் போறவன் வெறும் வயித்தோட போகணும். அதுகூடத் தெரியாமலா தலைவரா இருக்கீங்க? என்ன வேணும் மாப்ள, அதைச் சொல்லுங்க மொதல்ல."

வேண்டியது என்ன என்று அவருக்கும் தெரியும். மந்தின் ஊரிலிருந்து உள்ளே போகும் பாலத்துத் தோட்டத்தில் இனி செம்பனை எண்ணெய் மரங்கள் கிடையாது. தோட்டத்தை விற்றாயிற்று. வாங்கியவன் வீடு கட்டப் போகிறான். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது கடைசி ஆளாகக் கிளம்பிய அர்ச்சுனனை ரோகினி தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். சாமி இடங்களை மட்டும் தொடமாட்டேன், எந்தச் சாமி எங்கே இருந்ததோ அங்கேயே வேலி போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கியவன் சொல்லியிருந்தான்.

சிக்கல் அதில்தான் வந்தது. முனியாண்டி கோயில் இருப்பது ஓடைக்கரையில். மழைக்காலத்தில் தண்ணீர் முனியாண்டியின் முழங்கால்வரை ஏறும். பூசாரி தங்கராஜு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றுதான் தீபாராதனை காட்டுவார். சாலையோரத்து மேட்டில் ஒரு சிமெண்டு மேடை உண்டு. அதன் நடுவில் ஆளுயரச் சூலம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பெரிய சாலையில் ஏறும். அந்த மேடும் முனியாண்டியுடையது என்று ஆகிவிட்டால் கோயிலையே மேலே கொண்டு போய்விடலாம். ரவிச்சந்திரன் படம்கூடப் போட்டு வைத்திருந்தான். ஊரெல்லாம் சொல்லியும் விட்டான்.

குறுக்கே வந்தவன் டொனால்ட், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சவரிமுத்துவின் மகன். சிரம்பானில் பஸ் பழுது பார்க்கிற வேலை. அந்த மேடை எங்கள் அப்பா கட்டிய சிலுவை மேடை, அங்கே மறுபடியும் சிலுவை வைக்க வேண்டும் என்று வந்து நின்றான். கமிட்டிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அங்கே சூலம்தானே பார்த்திருக்கிறார்கள். பேச்சு முற்றி, கை நீளப்போகிற நேரத்தில் டொனால்டே ஒரு வழி சொன்னான். அந்தக் காலத்து ஆளென்று மிஞ்சியிருப்பது அர்ச்சுனன் ஒருவர்தான். அவர் முனியாண்டி முன்னால் சூடம் அடித்துச் சொல்லட்டும். என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்றான்.

இது அர்ச்சுனனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கிறிஸ்துவப் பையன், இந்துக்காரன் வாயை நம்பி, இந்துச் சாமி முன்னால் வந்து நிற்கிறேன் என்கிறான். எதற்கு? இதில் என்ன சூது?

ரவிச்சந்திரன் குரலைத் தணித்தான்.

"மாமா, பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கல. மேட்டுல சூலம் நின்னத நீங்க பார்த்திருக்கீங்களா இல்லியா?"

"பார்த்திருக்கேன்."

"நம்ம ஆளுங்க அங்க கும்பிட்டத?"

"பார்த்திருக்கேன்."

"அவ்ளோதான் லா. அதை மட்டும் சொல்லிட்டுச் சூடத்தை அடிங்க. அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? கேக்காததை நீங்களா எடுத்துச் சொல்ல வேணாம். மீதியைச் சாமி பாத்துக்கும்."

கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் ரோகினி செருப்பை எடுத்து வைத்தபடி, "அப்பா, அவரு தலை குனியிற மாதிரி ஆக்கிடாதீங்க. நாம எல்லாம் ஒரே வீட்டுல இருக்கணும்," என்றாள். அவள் அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் ஆட்டியது.

காரில் போகும்போது பழையதெல்லாம் வந்தது. சவரிமுத்து அவருக்கு வேண்டிய ஆள் இல்லை. பால் வெட்டும்போது ரப்பர் மரப் பட்டையில் கத்தி ஆழம் போய்விட்டது என்று காலை வரிசையில் எல்லார் முன்னாலும் ஏசுவார். ஏறி இறங்கச் சிரமமான மலைமேட்டு மர நிரைக்கு ஓட்டிவிடுவார். அந்த மேடை கட்டும்போதும் அதிகாரமாகத்தான் கூப்பிட்டார். லயத்துப் பையன்கள் எல்லோரும் ஓடையிலிருந்து மணல் சுமந்தார்கள். அர்ச்சுனனும் சுமந்தார். நடுவில் குழி விட்டு, காட்டுமரச் சிலுவையை நிறுத்தினார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது கிறிஸ்துவக் குடும்பங்கள் வேலை தேடித் தெமியாங் பக்கம் போய்விட்டன. சிலுவையைக் கறையான் தின்றது. ஒரு மழையில் விழுந்தது. குழியில் தண்ணீர் தேங்கி, தவளை கத்திக்கொண்டு கிடந்தது.

அப்புறம் ஒரு திருவிழாவுக்கு லாரி முதலாளி ஒருவர் சூலம் நேர்ந்துகொண்டு வந்தார். நடுவதற்கு இடம் தேடினால், மேட்டில் அளந்து வைத்த மாதிரி ஒரு குழி. அது சிலுவை நின்ற குழி என்று அர்ச்சுனன் அப்போதே சொன்னார். அந்தக் காலத்துப் பூசாரி சன்னாசி, வெறுங்குழியாகக் கிடப்பதற்கு ஒரு சாமி நிற்கட்டுமே என்றார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. குழியில் கல்லை அடைத்துச் சூலத்தை நிறுத்தினார்கள். மஞ்சள் பூசினார்கள். பொட்டு வைத்தார்கள். பிறகு வந்த பிள்ளைகளுக்கு அது முனியாண்டி மேடை.

கோயிலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றான். டொனால்ட் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கூரைக்கு வெளியே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அர்ச்சுனன் ஓடையில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

தங்கராஜு தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம் முடிந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. தோட்டத்து வழக்கம் அது.

"மேட்டுல சூலம் நின்னத நான் பார்த்திருக்கேன்," என்றார் அர்ச்சுனன். "நம்ம ஆளுங்க கும்பிட்டதையும் பார்த்திருக்கேன்."

ரவிச்சந்திரன் மூச்சை விட்டது அவருக்குக் கேட்டது. தங்கராஜு தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கிழவரின் கை மேலே போனது. அங்கேயே நின்றது.

முனியாண்டியின் காலில் தண்ணீர் ஏறி இறங்கிய கறை முழங்கால்வரை தெரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய கண்கள் எப்போதும்போல விழித்துக்கொண்டுதான் இருந்தன. புதிதாக எதையும் சொல்லவில்லை. கிழவரின் வாயில் இருப்பது ஒன்று, நெஞ்சில் இருப்பது ஒன்று என்று முனியாண்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதரை ஏய்க்கலாம், அவர்களும் நம்மை ஏய்க்கிறவர்கள்தான். இவரை எப்படி?

"இன்னும் முடியல," என்றார்.

கையை இறக்கினார். சிலுவையைச் சொன்னார். மணல் சுமந்ததைச் சொன்னார். கறையானைச் சொன்னார், லாரி முதலாளியைச் சொன்னார், செத்துப்போன சன்னாசி சொன்னதையும் விடாமல் சொன்னார். "குழி அவங்களுது. சூலம் நம்மளுது. மேடு முனியாண்டிக்குப் பாத்தியப்பட்டது இல்ல," என்று முடித்துவிட்டுச் சூடத்தை ஓங்கி அடித்தார். தட்டு அதிர்ந்தது. உள்ளங்கையில் கரி ஒட்டிக்கொண்டது.

 கமிட்டிப் பையன் ஒருவன், "அப்ப நம்ம சாமி தண்ணியிலயே நிக்கணுமா தாத்தா?" என்றான். குரலில் கசப்பு இருந்தது.

"நிக்கட்டும். மனசு கேக்கலைனா கரையைக் கட்டு. சாமிக்கு எடம் புடிக்கச் சாமியையே ஏமாத்தச் சொல்றியா?"

ரவிச்சந்திரன் வெளியே போனான். ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். யாரும் அர்ச்சுனனிடம் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

டொனால்ட் மட்டும் கிட்டே வந்து, "தேங்க்ஸ் அங்கிள்," என்றான்.

"உனக்காகச் சொல்லல. ஒங்கப்பன் என்னை மலை நிரைக்கு ஓட்டுன ஆளு." நகரப் போனவர் நின்றார். "நான் மாத்திச் சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்ப? எந்தத் தைரியத்துல என்னைக் கூப்பிட்ட?"

"அப்பா வீட்டுல அடிக்கடி சொல்லுவாரு அங்கிள். தோட்டத்துல ரப்பர் பால்ல தண்ணி கலக்காத ஆளு அர்ச்சுனன்னு."

கிழவர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பொய் தெரியவில்லை. சவரிமுத்து வாய் ஓயாமல் ஏசியதுதான் இவர் காதில் விழுந்திருக்கிறது. இதை வீட்டில் சொன்னாராம். இவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கரி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார்.

சூலம் இருக்கட்டும், மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று டொனால்ட் பின்னாலேயே வந்து சொல்லிப் பார்த்தான். இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார் கிழவர். அவனைத் தொடவும் விடவில்லை. எங்கள் சாமியை நாங்கள்தான் தூக்குவோம் என்றார். குனிந்து, குழியில் அடைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். மேடையில் நின்று சூலத்தைக் கும்பிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். முதலில் அசையவில்லை. பிறகு சட்டென்று கிளம்பி, அவரால் தாங்கமுடியாத கனத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சூலம் மண்ணில் விழக்கூடாது. அது மட்டும்தான் அவருக்குத் தோன்றியது. முட்டி போட்டுத் தாங்கப் போனார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை சூலத்தின் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது.

ரவிச்சந்திரன். காரைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்திருந்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலைப் பக்கத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். அடிப் பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஓடைக்கரைக்கு இறங்கினார்கள்.  சறுக்கலில் அவர் கால் இடறியபோது மட்டும் அவன் நின்றான்.

"பாத்து வாங்க மாமா," என்றான், திரும்பாமலே.