தார்மோவின் நீராவி

1989 மார்ச் மாதம் பாடிக்கொண்டிருந்த தார்மோவின் உடம்பிலிருந்து சௌனா என்கிற ஆவிக்குளியல் அறையின் நீராவி கிளம்பியது. இருபத்தாறு வருஷம் ஆகியும் நிற்கவில்லை. வடக்கே பனிநாட்டுக் குஹ்மோ ஊரின் ரௌதஹல்லா மெட்டல் இசைக்குழுவுக்கு அவன்தான் பாடகன். ‘உறைந்த படகு’ பாட்டுக்குக் கிடார் உறுமியதும் தோள்பட்டை புகையும், சௌனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலையின் வாசம் ஏழாவது வரிசைவரை போகும். ஹாம்பர்கில் மூவாயிரம் பேர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரருக்குப் பதினோரு வருஷத்து மூட்டுவலி அன்றே விட்டது. ஏதோ மேடைப் புகை இயந்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தார்மோவுக்குக் காரணம் தெரியும். அந்த மெட்டு அவனுடையதல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே பாஸ் கிடார் வாசித்த வெய்க்கோவுடையது. முதல் இசைத்தட்டு அச்சுக்குப் போகுமுன், ஏரிக்கரைச் சௌனாவில் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றியபடி, “பாட்டுக்கு என் பேரை மட்டும் போட்டுக்கட்டுமாடா?” என்று தார்மோ கேட்டான். வெய்க்கோ பேசவில்லை. அந்த ஊரில் பேசாவிட்டால் சம்மதம். சௌனாவுக்குள் என்றால் இரண்டு மடங்கு சம்மதம். தட்டு வெளிவந்த வாரம் வெய்க்கோ கிடாரைப் பெட்டியில் வைத்துவிட்டு மரம் வெட்டப் போனான்.

பதினான்கு தட்டு, நாற்பது நாடு. கைதட்டல் கூடக்கூட, வெட்கத்தில் தார்மோவின் தலை தொங்கியது. அதையும் புதுப் பாணி என்று பத்திரிகைகள் புகழ, நார்வே முழுக்கப் பாடகர்கள் கழுத்துவலியோடு குனிந்து பாடினார்கள். அதைப் பார்த்து இவன் இன்னும் கூசிப்போனான்.

2015இல் அதே சௌனாவுக்குப் போய் நின்றான். வெய்க்கோ மேல்பலகையில் நகர்ந்து இடம் விட்டான்.

“அது உன் பாட்டுடா. நான் திருடிட்டேன்.”

முக்கால் மணி நேரம் கழித்து வெய்க்கோ வாய் திறந்தான். “அன்னைக்கே வேண்டாம்னு சொல்ல வந்தேன். நீ அதுக்குள்ள எழுந்து ஓடிப்போய் ஏரிப் பனியில வெட்டின குழியில குதிச்சிட்டே.”

“பத்து நிமிஷம் காத்திருந்தேனேடா!”

“பத்தே நிமிஷம்! அப்படி என்னடா அவசரம் உனக்கு?”

அடுத்த கச்சேரியில் வெய்க்கோவின் பெயரைத் தார்மோ மேடையிலேயே இரண்டு தரம் சொன்னான், நடந்ததையும் சொன்னான். அதற்கும் கூட்டம் கைதட்ட, நீராவி நிற்கவில்லை, கூடியது. மறுபடி குழுவில் சேர்ந்து பக்கத்தில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்த வெய்க்கோ பாட்டு முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குனிந்திருந்த தார்மோவின் பிடரியில், சுடுகல்லில் ஊற்றுவதுபோல், கொண்டுவந்திருந்த வாளியிலிருந்து ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினான். சுர்ரென்றது. அன்றுமுதல் குழுவின் சாமான் பட்டியலில் டிரம்களுக்குக் கீழே ஒரு மரவாளியும் அகப்பையும் இருக்கின்றன.