ஒரே எண்ணுக்கு இரண்டு பதில்

எங்கள் தீவில், டாலிகஞ்சுப் பகுதியில், சேக் தாவூத் பாயின் கடையில் கப்பல் டிக்கெட் போட்டுத் தருவோம். நாலு கம்ப்யூட்டர். சென்னைக் கப்பலுக்குப் பதிவு திறந்த காலையில் மூன்றில் இன்டர்நெட் செத்துப்போனது. நான் உட்காரும் நாலாவது மட்டும் ஓடியது. அதுதான் எனக்கு வினை.

"பாத்தீங்களா மச்சான்? இவ மிஷின் மட்டும் ஜோரா ஓடுது" என்றார் முபாரக். பாயின் மனைவியின் தம்பி. முந்தின நாள்தான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். "வேணும்னே மத்ததைக் கெடுத்து வெச்சிருக்கா."

"நான் எதையும் தொடல."

"அப்ப ஜின்னு வந்து தொட்டுச்சாக்கும்!"

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. பாய் என்னைப் பார்த்தார். "சங்கவி, மதியத்துக்குள்ள மூணும் ஓடணும். இல்லன்னா நாளைலேர்ந்து வராத. பஸ், அவ்வளவுதான்."

என் அப்பா துறைமுக ஜெட்டியில் கப்பல் மூட்டை இறக்குகிறவர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த வேலை போனால், 'படிச்சு என்னத்தக் கிழிச்ச?' என்று நாங்கள் குடியிருக்கும் லம்பா லைன் முழுக்கக் கேட்கும். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதைக் காட்டும் புரோகிராமைத் திறந்தேன்.

கடைக்கு வெளியே போக ஒரே வழி ரவுட்டர். அதற்கென்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவ்வப்போது கம்பியில் கூவும்: 'இந்த எண் யாருடையது?' ரவுட்டர், 'என்னுடையது, என் முகவரி இது' என்று சொல்லும். கேட்டது அதைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அந்த முகவரிக்கே அனுப்பும். பாடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தேன். கேள்வி ஒன்று, பதில் இரண்டு. 'நான்தான்' என்றது ஒரு முகவரி. கண் இமைப்பதற்குள் 'நான்தான்' என்றது இன்னொன்று.

செத்துக் கிடந்த கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். அங்கேயும் அதே இரண்டு பதில். ஆனால் என்னுடையதில் நான் லினக்ஸ் போட்டிருந்தேன். அது முதல் பதிலைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்ற மூன்றிலும் விண்டோஸ். அவை முதல் பதிலை அழித்துவிட்டுக் கடைசியாக வந்ததை எழுதிக்கொண்டன. எதுவும் 'நீ யார், அத்தாட்சி காட்டு' என்று கேட்கவில்லை.

எனக்குப் புல்லரித்தது. நான் இந்தத் தீவுக்காரிதான் என்று காட்டும் ஒரு ஐலாண்டர் கார்டு வாங்க என்னை எத்தனை ஆபீஸ் அலைய விட்டார்கள்! இங்கே யார் சொன்னாலும் நம்பிக்கை. இந்த நம்பிக்கையின் மேல் கப்பலும் பேங்கும் ஆஸ்பத்திரியும் ஓடுகின்றன. சுற்றிலும் கடல் பார்த்து வளர்ந்தவள் நான். பெரிசு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியோடு ஒப்பிட்டேன். இரண்டாவது எங்களுடையதல்ல. மேஜைக்குப் பின்னால் ஒரு புது ஒயர், ஜன்னல் வழியாக மாடிக்குப் போயிருந்தது.

"அக்கா! மாடில என்ன மாட்டியிருக்கு?"

பாயின் மனைவி மெஹருன்னிசா அக்கா எட்டிப் பார்த்தார். "நம்ம முபாரக் மண்ணடிக் கடைலேர்ந்து பழைய வைஃபை டப்பா கொண்டாந்தான்ல, அதான்."

கப்பலில் வந்து இறங்கிய எதையும் இங்கே யாரும் தூக்கிப் போடுவதில்லை. எப்படியாவது எங்காவது மாட்டிவிடுவார்கள்.

"அது வேலையே செய்யலையே!" என்றார் முபாரக். "லைட்டு மட்டும்தான் எரியுது."

"செய்யுதுண்ணே. நம்ம ரவுட்டர் எண்ணேதான் அதுக்கும். நான்தான் ரவுட்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கு."

ஒயரைப் பிடுங்கினேன். மூன்றும் அப்படியே கிடந்தன. முபாரக் கேலியாகக் கைதட்டினார். "அரே வா! இப்ப என்ன சொல்றே?"

திரையை மறுபடி பார்த்தேன். பிறகு புரிந்தது. "டப்பா போனது அதுங்களுக்குத் தெரியாது. குறிச்சதை இன்னும் நம்பிட்டிருக்கு. மறக்க வைக்கணும்."

மூன்றிலும் குறித்ததை அழிக்கக் கட்டளை அடித்தேன். அவை மறுபடி கூவின. இந்தத் தடவை ஒரே பதில். டிக்கெட் பக்கம் திறந்தது. "மில் கயா! கெடைச்சிடுச்சு!" என்று கூட்டம் முட்டி மோதியது.

"நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார் பாய்.

"வரேன் பாய். எல்லாரும் பாக்கத்தான் முபாரக் அண்ணன் என்னைக் குத்தம் சொன்னார். எல்லாரும் பாக்க, தப்பு தன்னோடதுன்னு அவர் சொல்லட்டும்."

முபாரக் தரையைப் பார்த்தார். "கல்தி மேரா ஹை" என்றார்.

"சத்தமா."

"கல்தி மேரா ஹை!"

கூட்டத்தில் யாரும் திரும்பவில்லை. அவர்களுக்கு டிக்கெட் வேண்டும். எனக்குப் போதும்.

கொஞ்ச நேரம் கழித்து முபாரக் என் திரையருகே வந்து நின்றார். "இப்ப என்ன பேசுது?"

"யாருன்னு கேக்குது. பதில் வருது."

"நெஜமா அவன்தானான்னு பாக்கவே பாக்காதா?"

"பாக்காது."

"யா அல்லா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.